தேயிலை விதையிலை வளர்ப்பு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: மேடம், தேயிலை விதைக்குள் இருக்கும் பருத்த விதையிலையை வெட்டி, புட்டியில் வளர்த்துச் செடியாக்கப் பார்க்கிறேன். நன்றாக உலர்ந்த விதையில் வளர்ப்பைத் தொடங்கலாமா?

வேண்டாம். தேயிலை விதையில் ஈரம் குறைந்தால் உயிரும் போய்விடும். தண்ணீரில் போடுங்கள், மூழ்குவதை மட்டும் எடுங்கள், மிதப்பதை ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: விதையிலையை வெட்டி வைத்த இரண்டாம் நாளே பழுப்பாகி, சுற்றிலும் ஊடகம் (திசு வளரும் சத்துக் கூழ்) கறுக்கிறது. தொற்றா?

பூஞ்சை இழையோ கலங்கலோ இல்லையென்றால் தொற்று இல்லை. கத்தி வைத்த கோட்டிலிருந்துதான் கறுப்பு பரவும், கவனித்துப் பாருங்கள். வெட்டுப்பட்ட செல்லிலிருந்து வரும் பாலிபீனால்கள் நொதியோடும் காற்றோடும் சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. பறித்த கொழுந்தை உருட்டும்போது நிறம் மாறுவதும் இதே வினைதான்! அங்கே நமக்கு வேண்டியது, இங்கே திசுவைக் கொல்கிறது. புது பிளேடு போடுங்கள். அஸ்கார்பிக் அமிலக் கரைசலுக்குள் வைத்தே வெட்டுங்கள். முதல் சில நாட்கள் இருட்டில் வைத்து, கறுப்பு தெரிந்ததும் புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். கரித்தூள் சேர்க்கச் சிலர் சொல்வார்கள். அது பாலிபீனாலோடு ஹார்மோனையும் உறிஞ்சிவிடும், அதனால் கருவுரு (செடியாக வளரக்கூடிய, விதைக்கரு போன்ற சிறு உரு) தோன்றும் கட்டத்தில் நான் சேர்க்க மாட்டேன்.

கேள்வி: எந்த ஊடகம்?

எம்எஸ் (முராஷிகே-ஸ்கூக்) எனும் சத்துக்கலவை ஊடகம், 3 சதவீதம் சுக்ரோஸ் சர்க்கரை, பிஏபி எனும் வளர்ச்சி ஹார்மோன், அமிலக்காரத்தன்மை (pH) 5.6 முதல் 5.8. அறை 25 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கட்டும்.

கேள்வி: வெள்ளையாகப் பொரிப்பொரியாக வருகிறது. கருவுருவா, வெறும் கேலஸா (உருவமில்லாத செல் திரளா)?

இடுக்கி முனையால் மெல்லத் தள்ளுங்கள். கருவுருவுக்குத் தாய்த்திசுவோடு நீரும் சத்தும் போகும் குழாய்த் தொடர்பு கிடையாது, முழுசாகக் கழன்று வரும். கேலஸ் பிய்ந்துதான் வரும். லென்ஸில் பார்த்தால் உருண்டை, இதய வடிவம் எனப் பல நிலைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

கேள்வி: நல்ல விளைச்சல் தரும் செடியின் விதை இது. அதே செடி கிடைக்குமா?

கிடைக்காது, இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். தேயிலை பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்காது; ஒவ்வொரு விதையும் வேறொரு செடியோடு கலந்து பிறந்தது. கிடைப்பது அந்த விதையின் நகல்கள், தாயின் நகல்கள் அல்ல. தாயே வேண்டுமென்றால் அதன் கணுவையோ தண்டு நுனியையோ எடுங்கள்.

கேள்வி: புட்டியில் செழிப்பாக இருந்தது, மண்ணில் வைத்ததும் வாடிவிட்டது.

புட்டிக்குள் வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு மெலிசு, இலைத்துளை சரியாக மூடாது. வேரில் ஒட்டிய அகாரை (ஊடகத்தைக் கூழாக்கும் பொருளை) கழுவி, அமிலத்தன்மையுள்ள மண்ணில் நட்டு, மூடியை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். சுண்ணாம்பு கலந்த மண் ஆகவே ஆகாது. வேர் வலுவில்லாத தளிர் என்றால், விதையிலிருந்து முளைத்த நாற்றின் மேல் ஒட்டுக்கட்டிப் பாருங்கள்.