புதுச் சீட் உறையும் மல்லிகை வாசனையும்

கேள்வி: திண்டுக்கல் அருகே ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மதுரையில் ஒரு விற்பனையாளரிடம் 2019 மாடல் பெட்ரோல் கார் ஒன்றைப் பார்த்தேன். சென்னைப் பதிவெண். 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் இரண்டாவது உரிமையாளர் பெயருக்கு மாறியிருக்கிறது. இன்ஜின் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. சீட் உறை, தரை மிதியடி, நான்கு டயர் எல்லாம் புதிது. உள்ளே மல்லிகை வாசனை. மற்ற இடங்களில் கேட்கும் விலையைவிட ஒரு லட்சம் குறைவு. இடதுபக்கப் பவர் விண்டோ மட்டும் சில நேரம் இறங்க மறுக்கிறது. "பியூஸ்தான், மாற்றித் தருகிறோம்" என்கிறார்கள். தம்பி அவசரப்படுத்தியதில் 10,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா?

பதில்: சகோதரி, மீதிப் பணத்தை இப்போதைக்குக் கையை விட்டு விடாதீர்கள்.

முதலில் அந்தப் பியூஸ். பியூஸ் போனால் போனதுதான். காலையில் போய் மாலையில் திரும்பி வரும் பழக்கம் அதற்குக் கிடையாது. ஒரு கண்ணாடி சில நேரம் இறங்கி, சில நேரம் அடம்பிடித்தால், பெரும்பாலும் சுவிட்சிலோ கம்பி இணைப்பிலோதான் கோளாறு. தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். உங்கள் கடிதத்தில் உள்ள மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. சென்னையை மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் முக்கியது 2023 டிசம்பர் முதல் வாரத்தில். இந்தக் கார் கைமாறியது 2024 பிப்ரவரியில். தற்செயலாக இருக்கலாம். ஆனால் 31,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய காருக்கு நான்கு புது டயர் எதற்கு? ஒன்று, மீட்டரைத் திருத்தியிருக்கிறார்கள். இல்லை, வண்டி நெடுநாள் எங்கோ அசையாமல் நின்றிருக்கிறது.

இன்ஜின் சத்தமில்லை என்பதை வைத்து மனம் நிறைந்துவிடாதீர்கள். வெள்ளத்தில் நின்ற காரில் பல சமயம் தப்பிப்பது இன்ஜின்தான். தண்ணீருக்குள் யாரும் ஸ்டார்ட் செய்யாமல் இருந்திருந்தால், ஆயிலை வடித்து, சுத்தம் செய்து, மறுபடி ஓட வைத்துவிடலாம். தப்பிக்காதவை கம்பிகளும் கனெக்டர்களும். செம்புப் பாத்திரத்தில் ஏறுவதுபோல அவற்றில் களிம்பு ஏறும். அது உடனே தெரியாது. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து இன்று கண்ணாடி, நாளை பூட்டு, மறுநாள் ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் படுக்கும். 2015 வெள்ளத்துக்குப் பின் அப்படி ஒரு காரை என் அக்காவுக்கு நானே பார்த்து வாங்கிக் கொடுத்தேன். பட்டறை வைத்திருந்தவன் பார்த்து வாங்கிய கார்! இன்றும் குடும்ப விசேஷங்களில் அந்தப் பேச்சு வந்தால் நான் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போய்விடுவேன்.

அன்று நான் பார்க்கத் தவறியதை நீங்கள் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை வெளியே இழுங்கள். சுருண்டு கிடக்கும் அந்த அடிப்பகுதியைக் கழுவ யாருக்கும் பொறுமை இருக்காது. சேற்றுக் கறை கோடு போட்டதுபோல அங்கேதான் நிற்கும். பெல்ட் பளிச்சென்று இருந்தால் அதன் கீழ்ப்பகுதியில் தைத்த துணி லேபிளைத் தேடுங்கள். தயாரித்த ஆண்டு பெரும்பாலும் அதில் இருக்கும். 2019 காரில் 2024 பெல்ட் என்றால் கதை புரிந்துவிடும். அடுத்து, புது மிதியடிக்கு அடியில் இருக்கும் கம்பெனி விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, கையை விட்டுத் தடவுங்கள். ஈரமோ மண்ணோ படக்கூடாது. சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட்களிலும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் துருவைத் தேடுங்கள். மல்லிகை வாசனைக்கு மருந்து வெயில்தான். கண்ணாடிகளை ஏற்றி அரைமணி நேரம் வெயிலில் நிறுத்தச் சொல்லி, பிறகு கதவைத் திறந்து முதல் மூச்சை இழுங்கள். ஊறிய பாயின் நெடி வந்தால் அப்படியே கதவைச் சாத்திவிடலாம்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதை வாயடைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். பல கார்களில் ஏர்பேக்கை இயக்கும் பெட்டி முன் சீட்டுகளுக்கு நடுவே தரையோடு ஒட்டி இருக்கும். முழங்கால் அளவு தண்ணீரே அதற்குப் போதும்.

இதையெல்லாம் தனியாகச் செய்யச் சங்கடமாக இருந்தால், திண்டுக்கல்லிலிருந்தே ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம். பதிவெண்ணைச் சொல்லி அந்தக் கம்பெனியின் சர்வீஸ் மையத்தில் பழைய பதிவுகளையும் கேளுங்கள். கடைசி சர்வீஸில் எழுதிய கிலோமீட்டரை இப்போதைய மீட்டரோடு ஒப்பிட்டாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்து வாங்கினால், "ஆர்.சி. பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரிடம் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான். வண்டிமேல் கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும்.

முன்பணம் போய்விடுமே என்ற கவலை புரிகிறது. அதற்கு ஒரு வழி. "இந்த வண்டி வெள்ளத்தில் நின்றதில்லை, நின்றது தெரிந்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறேன்" என்று ரசீதின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நல்ல வண்டி விற்பவருக்கு அது இரண்டு வரி வேலை. அவர் பேனாவைத் தேட ஆரம்பித்தால், நீங்கள் ஆரப்பாளையம் போய் ஊருக்குப் பஸ் ஏறிவிடுங்கள்.