பதற்றம், வேலை அழுத்தம், வீட்டில் வெடிக்கும் கோபம்: கவுன்சிலிங் போகலாமா? யாரிடம் போவது?

தாராளமாகப் போகலாம். ஆறு மாதமாகத் தூக்கம் சரியில்லை, நெஞ்சு படபடக்கிறது, ஆபீஸில் அடக்கியதெல்லாம் பிள்ளைகள் மேல் பாய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இவை மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல. உடம்பு நாள் முழுக்க விறைப்பாகவே இருந்தால், மிக்ஸி சத்தம்கூட எரிச்சலூட்டும். கோபத்தை மட்டும் அடக்கப் பார்த்துத் தோற்பது அதனால்தான்.

முதலில் குடும்ப டாக்டரிடம் சொல்லி தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே சிடுசிடுப்பு வரும். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம்.

மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர். மாத்திரை இல்லாமல் பேசியே சரிசெய்யும் சிகிச்சைக்கு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. சில வாரப் பயிற்சியோடு ‘கவுன்சிலர்’ போர்டு மாட்டியவர்களும் உண்டு. காசு இடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல ஓ.பி. இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் 14416: டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.

போவதற்கு முன் ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். என் பார்வையில் பாதி வேலை இதில்தான் முடிகிறது. நேரம், நடந்தது, மனசில் ஓடியது, உடம்பில் தெரிந்தது, அவ்வளவுதான். உதாரணமாக: ‘செவ்வாய் இரவு 8.40. மகன் ஹோம்வொர்க் நோட்டைக் காணோம் என்றான். நாளைக்கு மீட்டிங்கில் என்ன சொல்வது என்ற நினைப்பு. தாடை இறுகியது, காது சூடானது. கத்திவிட்டேன்.’ பிரச்சினை நோட்டு இல்லை என்பது படிப்பவருக்கு உடனே தெரியும். ‘எனக்குக் கோபம் ஜாஸ்தி’ என்று மட்டும் சொன்னால் அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு அமர்வு போய்விடும்.

ஓர் அமர்வு சுமார் 45 நிமிடம். முதல் தடவை கேள்விகள்தான் அதிகம்; ஆறுதல் கிடைக்கவில்லையே என்று இரண்டாவதோடு நிறுத்திவிடாதீர்கள். சி.பி.டி. (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் சிகிச்சை) முறை என்றால் வாரம் ஒன்றாக எட்டு முதல் பன்னிரண்டு வரை போகலாம், நடுவில் வீட்டுப் பயிற்சியும் உண்டு. நான்கு அமர்வுக்குப் பிறகும் மனசு ஒட்டவில்லையா, அவரிடமே சொல்லுங்கள், இல்லையென்றால் ஆளை மாற்றுங்கள்.

அதுவரை கோபத்துக்கு ஒரு வழி: தாடை இறுகியதும் ‘இருபது நிமிஷத்துல வந்து பேசறேன்’ என்று சொல்லிவிட்டு விலகுங்கள். மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். சொன்ன நேரத்தில் திரும்பி வந்தே ஆக வேண்டும். கதவை அறைந்துவிட்டுப் போனால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தண்டனை போலத்தான் இருக்கும். மொட்டைமாடியில் நின்று அதே சண்டையை மனசுக்குள் ஓட்டினால் சூடு ஏறும், தணியாது.

மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாகும், சில பேருக்கு இன்னும் கூட. முதல் சில நாள் குமட்டல் வரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். பழைய சீட்டைக் காட்டித் தூக்க மாத்திரை வாங்கிப் போடவே கூடாது, பழக்கமாகிவிடும்.

‘பைத்தியம் என்பார்களோ’ என்ற பயம் புரிகிறது. உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமை தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு மாதிரி சட்டம் சொல்லும் சில நேரங்களில் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும். கை ஓங்கும் அளவுக்குப் போனாலோ, சாகலாம் என்ற நினைப்பு வந்தாலோ ஒரு வாரக் குறிப்பெல்லாம் வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள்.