வாசலில் பதினாலு ஜோடி ஷூ: ஊழியத்தை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: அக்கா, நாங்கள் மதுரை கே.புதூரில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பி.டி. மாஸ்டர், நான் லேப் டெக்னீஷியன். ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வரும் தடகளப் பிள்ளைகள் மத்தியில் நாலு வருடமாக ஊழியம் செய்கிறோம். காலையில் பயிற்சி முடிந்ததும் ஜெபம், சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் வேதபாடமும் சாப்பாடும், வெளியூர் போட்டி என்றால் அவர் கூடவே போய்விடுவார். எங்களுக்கு ஒன்பது வயதில் மகன், ஐந்து வயதில் மகள். போன சனிக்கிழமை வாசலில் பதினாலு ஜோடி ஷூ கிடந்தது. மகன் மாடிப்படியில் உட்கார்ந்து கணக்கு போட்டுக்கொண்டிருந்தான். கேட்டால் "உள்ளே இடமில்லைம்மா" என்கிறான். நிறுத்திவிடலாம் என்றால் அவர் "இது அழைப்பு" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: நிறுத்த வேண்டாம் தங்கச்சி. ஆனால் இப்போது நடத்துகிற மாதிரியும் நடத்த வேண்டாம், முக்கியமாக அந்த சனிக்கிழமையை.

என் வீட்டுக்காரரும் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர்தான். இருபது வருடத்துக்கு மேல் நாங்களும் இதையே செய்தோம். குடும்ப ஆலோசனை நான் படித்தது அதற்கப்புறம், செய்ய வேண்டிய தப்பையெல்லாம் செய்து முடித்த பிறகு. எங்கள் மகள் நாலு வயது வரைக்கும் அப்பாவை "சார்" என்றுதான் கூப்பிடுவாள், வீட்டுக்கு வருகிற அத்தனை பேரும் அப்படித்தானே கூப்பிட்டார்கள். வருகிறவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஒரு நாள் ராத்திரி காய்ச்சலில் அனத்திக்கொண்டே "சார் எப்பம்மா வருவாரு" என்று கேட்டாள், அவர் அப்போது திருச்சியில் ஏதோ ஒரு மீட்டில் யாரோ ஒரு பிள்ளையின் தொடைக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் நாங்கள் அதைச் சொல்லிச் சிரித்ததில்லை.

"அழைப்பு" என்கிறாரே, அதற்கு வருகிறேன். விளையாட்டு ஊழியம் என்றாலே நம் ஆட்கள் உதாரணம் காட்டுகிற இரண்டு பேர் உண்டு. ஒருவர் சி.டி. ஸ்டட். 1882-ல், ஆஸ்திரேலியாவோடு ஆடும் தொடருக்கு ஆஷஸ் என்ற பெயர் வரக் காரணமான அந்த கிரிக்கெட் ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு ஆடியவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1885-ல் சீனா போனார், நம் ஊட்டியில்கூட 1900 முதல் 1906 வரை சபைப் போதகராக இருந்தார். பிரசங்கத்தில் இதுவரைக்கும்தான் சொல்வார்கள். அப்புறம் அவர் காங்கோவுக்குப் போனார், மனைவி பிரிசில்லா உடம்பு சரியில்லாமல் இங்கிலாந்திலேயே இருந்துகொண்டு ஊழியத்துக்கு வேண்டிய வேலைகளைப் பார்த்தார். 1916-ல் கிளம்பியவர் ஊர் திரும்பவே இல்லை. 1928-ல் அந்த அம்மாவே காங்கோ போய்ச் சுமார் இரண்டு வாரம் பார்த்துவிட்டு வந்தார், அடுத்த வருடம் இறந்துவிட்டார். பன்னிரண்டு வருடத்துக்கு இரண்டு வாரம். பெரிய மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் குடும்பம் நடத்த அவரை மாதிரியாக எடுத்துக்கொள்ள நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இன்னொருவர் எரிக் லிடல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று 100 மீட்டரை விட்டுவிட்டு, 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வாங்கியவர். 1941-ல் சீனாவில் நிலைமை மோசமானதும், கர்ப்பமாக இருந்த மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தங்கினார். ஜப்பானியரின் முகாமில் 1945-ல் இறந்துபோனார், மூன்றாவது மகளின் முகத்தை நேரில் பார்க்கவே இல்லை. அவர் பிரிந்திருந்தது போரினால். உங்கள் வீட்டுக்காரர் பிரிந்திருப்பது மாவட்டப் போட்டியினால், இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அதே லிடல் அந்த முகாமில், பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி ஆடி அடித்துக்கொண்டபோது, தானே போய் நடுவராக நின்றார். ஒலிம்பிக்குக்கே வளையாதவர் பிள்ளைகளுக்காக வளைந்தார். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், என்னைச் சொல்ல வேண்டாம்.

இப்போது சனிக்கிழமை. கூட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை, சாப்பாடும் உண்டு என்பதால் ஒன்பதரை தாண்டும் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் வீடு போய், போனை நோண்டிவிட்டுப் படுக்கப் பதினொன்று ஆகும். ஞாயிறு விடியற்காலையில் பாதிப் பேருக்கு லாங் ரன், மீதிப் பேருக்கு முதல் ஆராதனை. வளர்கிற வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். ஓடும்போது தசை களைத்துத்தான் போகும், அது பலப்படுவது ஓய்விலும் தூக்கத்திலும்தான். பி.டி. மாஸ்டருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் நடத்துகிற வேதபாடமே அந்தப் பிள்ளைகளின் ஓட்டத்தைக் கெடுக்கிறது, அதுதான் வேடிக்கை. ஐந்தரைக்கு ஆரம்பித்து ஏழரைக்கு முடியுங்கள். சாப்பாடு வேண்டாம், சுண்டலும் வாழைப்பழமும் போதும், அதையும் நீங்களே அவிக்க வேண்டியதில்லை, உங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் முறை போட்டுக் கேளுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை உங்கள் வீடு, மற்ற இரண்டு சபை ஹால். மகனுடைய மேஜை மேஜையாகவே இருக்கட்டும், அதன்மேல் யாரும் பை வைக்கக் கூடாது. கறாராகச் சொல்லுங்கள், அவன் காதில் விழுகிற மாதிரி.

அப்புறம் வருடக் கணக்கு. பள்ளி திறந்து கொஞ்ச நாளில் குறுவட்டப் போட்டி, அது முடிந்தால் மாவட்டம், மாநிலம் என்று ஓடிக்கொண்டே இருக்கும், மார்ச்சில் பொதுத்தேர்வு வந்தால் மைதானம் காலி. சீசனில் அவர் வீட்டில் இருக்க மாட்டார் என்பதை நீங்கள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், பி.டி. மாஸ்டரைக் கட்டிக்கொண்டவர்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் சீசன் முடிந்ததும் அந்த இடத்தைக் கோடைக்கால முகாம், வாலிபர் கூடுகை என்று அவர் நிரப்புகிறார் பாருங்கள், அதைத்தான் நீங்கள் தடுக்க வேண்டும். வெளியூர்ப் போட்டி எல்லாவற்றுக்கும் கூடப் போக வேண்டியதில்லை. எதற்குப் போவது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து காலண்டரில் பேனாவால் குறியுங்கள். ஜெயிக்கிற அன்றைக்குப் பிள்ளைகளைச் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள். தோற்ற அன்றைக்கும், காலில் அடிபட்ட அன்றைக்கும், செலக்‌ஷனில் பெயர் வராத அன்றைக்கும்தான் அவர் வேண்டும், அதற்கு ஒரு போன் பல நேரம் போதும்.

அடிபட்ட பிள்ளைக்கு ஜெபியுங்கள், ஆனால் பிசியோவிடமும் அனுப்புங்கள். பயிற்சி நாளில் உபவாசம் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்கிறேன். பெண் பிள்ளைகளோடு அவர் தனியாகப் பேசுவதோ, ராத்திரியில் தனியாக மெசேஜ் அனுப்புவதோ கூடாது. நீங்கள் அவரை நம்புகிறீர்கள், நானும் நம்புகிறேன், அதற்காகச் சொல்லவில்லை, 18 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் விஷயத்தில் போக்சோ சட்டம் இருக்கிறது, ஊர் வாயும் இருக்கிறது. அந்தப் பதினாலு பேரில் வேறு மதக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். வீட்டுக்குத் தெரியாமல் ஒருத்தரும் வேதபாடத்துக்கு வரக் கூடாது. நம் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியைப் பயிற்சியாளர் கண்ணன் மைதானத்துக்குக் கொண்டுவந்தது அவரை வளர்த்த பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்துத்தான், ஷூ இல்லாமல் ஓடிய அந்தப் பெண் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டம் வரைக்கும் போனார். ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் இப்படி ஒரு பாட்டியோ அம்மாவோ இருப்பார், போய்ப் பார்த்துக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், மைதானத்தில் பார்த்தால் முன்னே மாதிரியே பேசுங்கள்.

பணத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். ஸ்பைக்ஸ், பஸ் சார்ஜ், முட்டை என்று போகிற காசு மாதம் எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும், உங்கள் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸில் கைவைக்கிற அளவுக்கு அது போகக் கூடாது.

இதையெல்லாம் ஒரே ராத்திரியில் அவரிடம் கொட்டாதீர்கள், சண்டைதான் வரும். வருகிற சனிக்கிழமை ஏழரைக்கு முடிப்பதை மட்டும் கேளுங்கள். ஏழே முக்காலுக்கு வாசலில் நாலு ஜோடி செருப்புதான் இருக்க வேண்டும். முடிந்ததா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள்.