ஸ்டென்ட் இதயத்தில், வலி தொடையில்

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. பன்னிரண்டு நாள் முன்பு வலது தொடை இடுக்கு வழியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். நெஞ்சுவலி போய்விட்டது. ஆனால் ஊசி குத்திய இடத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. தொடையின் உட்பக்கம் முழங்கால் வரை கருநீலமும் மஞ்சளுமாகக் கன்றிக் கிடக்கிறது. உட்கார்ந்து எழுந்தால் சுரீர் என்று இழுக்கிறது. மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் கொடுத்தார்கள். "ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையால் வந்த வினை, இரண்டு நாள் நிறுத்திப் பாருங்கள்" என்கிறார் உறவினர் ஒருவர். என்ன செய்யலாம்?

பதில்: உறவினர் நிறுத்தச் சொன்னதைத் தொடருங்கள், மருந்துக்கடைக்காரர் கொடுத்ததை நிறுத்துங்கள். ஆஸ்பிரினும் அதனுடன் தந்திருக்கும் க்ளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலாரும் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. ஸ்டென்ட் என்பது உலோக வலை. அதன்மேல் ரத்தக்குழாயின் உள்தோல் படர்ந்து மூடும்வரை தட்டணுக்கள் (ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்) அதில் ஒட்டிக் கட்டியாகப் பார்க்கும். முதல் மாதத்தில்தான் இந்த ஆபத்து மிக அதிகம். அப்படி அடைத்துக்கொண்டால் அது மாரடைப்பு. தொடையில் உள்ள நீலம் பார்க்கத்தான் பயங்கரம்.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும், வயிற்றைப் புண்ணாக்கும், இதய நோயாளிக்கு இதயத்துக்கும் நல்லதல்ல. வலிக்குப் பாராசிட்டமால் போதும்: 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் 3 கிராமுக்கு மேல் போகாமல். கல்லீரல் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்.

இனி வலிக்கு வருவோம். தொடைத் தமனிக்குள் நுழைத்த 'ஷீத்' குழாய் பெரும்பாலும் 6 ஃபிரெஞ்ச் அளவு (மருத்துவக் குழாய்களின் பருமனைச் சொல்லும் அலகு). உள்விட்டம் 2 மில்லிமீட்டர், வெளிவிட்டம் இரண்டரைக்குச் சற்று மேல். தையல் போடும் அளவுக்குத் தோலில் வெட்டு இல்லை. ஆனால் துடிக்கும் தமனியில் அந்த அளவுக்கு ஓட்டை. குழாயை உருவியதும் பின்னால் இருக்கும் தொடை எலும்பின் தலைமேல் வைத்து 15, 20 நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். அதற்குள் கசிந்த ரத்தம் தசை இடுக்கில் தங்கி, நடமாட ஆரம்பித்ததும் கீழ்நோக்கி இறங்கும். முழங்கால் வரை நிறம் வந்தது புதிதாகக் கசிவதால் அல்ல. பழைய ரத்தம் வழிந்து இறங்கியதால். ஆண்களுக்கு விதைப்பையும் கறுத்துப்போவது உண்டு, பலரும் அதைக் கண்டுதான் அலறியடித்து வருகிறார்கள். கருநீலம் பச்சையாகி மஞ்சளாவது ஹீமோகுளோபின் சிதைவதன் அடையாளம். இரண்டு, மூன்று வாரத்தில் மறையும். ஓட்டையைக் கொலாஜன் என்ற, உடலில் கரையும் புரதத்தால் ஆன அடைப்பு வைத்து மூடியிருந்தால் பட்டாணி போலக் கையில் தட்டுப்படும். அது கரைய ஏறக்குறைய 90 நாள் ஆகும்.

கவனம் வைக்க வேண்டியது கட்டியில்தான். அப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்து, கட்டியின் இரு பக்கமும் ஒவ்வொரு விரலை மெதுவாக வையுங்கள். அழுத்த வேண்டாம். தமனி அடியிலேயே ஓடுவதால் துடிப்பு தெரியத்தான் செய்யும். இரண்டு விரலும் சேர்ந்து மேலே எழும்பி இறங்கினால் அது தமனியின் சாதாரணத் துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் விரல்கள் ஒன்றையொன்று விட்டு விலகித் தள்ளப்பட்டால், கட்டியே விரிந்து சுருங்குகிறது என்று பொருள். இடது பக்கமும் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு பால்பாயிண்ட் பேனாவால் கட்டியைச் சுற்றி ஒரு கோடு. மறுநாள் கட்டி கோட்டைத் தாண்டக் கூடாது.

விரிந்து சுருங்கும் கட்டியை சூடோஅனியூரிசம் என்பார்கள். தமனி ஓட்டை மூடாமல், வெளியே வந்த ரத்தம் ஒரு பையாகி, உள்ளும் புறமும் ஓடிக்கொண்டிருக்கும் நிலை. வலி குறைந்து வந்தது திடீரென ஏறினாலும் இதைத்தான் சந்தேகிப்போம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவானவை பல தாமாகவே உறைந்துவிடும். பெரியதற்கு ஸ்கேன் பார்த்தபடியே த்ரோம்பின் ஊசி போட்டு உறைய வைப்பார்கள். உங்கள் வீட்டு விவரத்தைப் பார்த்தால் சாதாரண ரத்தக்கட்டு என்றே தோன்றுகிறது. இருந்தாலும் தொட்டுப் பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த வாரத்திலேயே காட்டி, ஒரு டாப்ளர் எடுத்துவிடுங்கள். வலிக்காத ஸ்கேன், தயங்க ஒன்றுமில்லை.

சுரீர் என்று இழுப்பது இடுப்பு மடங்கும் இடத்திலேயே காயம் இருப்பதால். தாழ்வான நாற்காலி, சம்மணம், இந்தியன் கழிப்பறை மூன்றும்தான் அதை அதிகம் மடக்குபவை. வலி போகும்வரை வெஸ்டர்ன் டாய்லெட்தான். முக்கினால் வயிற்றழுத்தம் நேரே அந்த ஓட்டைமேல் விழும் என்பதால் மலச்சிக்கலை விடாதீர்கள். இருமல், தும்மல் வந்தால் உள்ளங்கையால் அந்த இடத்தை அழுத்திக்கொள்ளட்டும். படியேறும்போது முதலில் இடது கால். முதல் வாரம் முடிந்துவிட்டாலும், டாப்ளர் முடிவு வரும்வரை தண்ணீர்க் குடமும் கேஸ் சிலிண்டரும் தூக்க வேண்டாம். கிக் ஸ்டார்ட்டும் வேண்டாம். தரையில் நிதானமாக நடப்பது நல்லது, படுத்தே கிடப்பதுதான் கெடுதல்.

எண்ணெய் போட்டு நீவிவிடுவது கூடவே கூடாது. ஐஸ் ஒத்தடம் முதல் இரண்டு நாளோடு சரி, இப்போது பயனில்லை. சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி ஒற்றித் துடைத்தால் போதும். பவுடர் பூச வேண்டாம்.

எப்போதாவது அங்கே ரத்தம் பீறிட்டாலோ கட்டி கண்ணெதிரே வீங்கினாலோ உடனே படுக்கவைத்து, தோலில் தெரியும் தழும்புக்கு இரண்டு விரல்கடை மேலே தள்ளி பலமாக அழுத்துங்கள். ஊசி சாய்வாகப் போவதால் தமனியின் ஓட்டை தோல் ஓட்டைக்கு மேலேதான் இருக்கும். தோல் துளைமேலேயே பஞ்சை வைத்து அமுக்குவதுதான் வழக்கமான தவறு. பத்து நிமிடம் கையை எடுத்துப் பார்க்கக் கூடாது. இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். வலது கால் மட்டும் சில்லிட்டு வெளுத்தாலும், முதுகு அல்லது விலாப்பக்க வலியோடு மயக்கம் வந்தாலும் அதே அவசரம். காய்ச்சல், சீழ், சிவந்து சூடாகும் தோல், கெண்டைக்கால் வீக்கம் என்றால் அன்றைக்கே காட்டுங்கள். தொடையின் முன்பக்கம் கையகல மரமரப்பு மட்டும் இருந்தால் அது தோல் நரம்பு நசுங்கியது, மெல்லத் தேறும்.

போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காதீர்கள். ஓட்டையைக் கையால் அழுத்தி மூடினார்களா, அடைப்பு வைத்தார்களா என்பதை ஸ்கேன் செய்பவர் முதலில் கேட்பார்.