ராஜாவை விடுங்கள், ஓரத்தைப் பாருங்கள்

கேள்வி: லண்டனில் இருக்கும் தம்பி, கையால் வரைந்த ஒரு பெரிய தட்டு வாங்கி வந்தான். 1689இல் வில்லியமும் மேரியும் இங்கிலாந்தின் ராஜா ராணியாக முடிசூடிய நினைவாகச் செய்த தட்டின் நகலாம். ராஜா முகம் சின்னப் பிள்ளை கிறுக்கியது போல இருக்கிறது, ஓரத்தில் வெறும் நீலக் கோடுகள். இதில் ரசிக்க என்ன இருக்கிறது? எப்படி மாட்டுவது?

பதில்: முகம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். அசல் தட்டுகளிலும் அப்படித்தான். சாயலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, பக்கத்தில் இருக்கும் டபிள்யூ, எம் எழுத்துகள்தான் துணை. ஆனால் அந்த 'வெறும்' கோடுகளால்தான் இந்த வகைக்கே புளூ டேஷ் சார்ஜர் என்று பெயர் (சார்ஜர் என்றால் பெரிய தட்டு, போனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை).

ஒரே ஒரு கோட்டை மட்டும் உற்றுப் பாருங்கள். அசலில், வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு சுடாமல் மாவு போல இருக்கும்போதே அதன்மேல் வரைந்தார்கள், தூரிகை பட்டதும் அது ஈரத்தை உறிஞ்சிவிடும், அழிக்கவும் முடியாது, யோசித்துக்கொண்டு நிற்கவும் முடியாது, ஒரே இழுப்புதான். அதனால் தூரிகை அழுந்திய இடத்தில் நீலம் திரண்டும், எடுத்த இடத்தில் மெலிந்தும் இருக்கும். உங்களுடையதும் உண்மையிலேயே கைவேலை என்றால் கோட்டுக்குக் கோடு இந்த வித்தியாசம் தெரியும். லென்ஸில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சுதான்.

அப்புறம், ஓரத்தோடு விரலை ஓட்டிக்கொண்டே வாருங்கள். எங்கோ ஓரிடத்தில் இரண்டு கோடுகள் நெருக்கியடித்து நிற்கலாம், அல்லது இடைவெளி கொஞ்சம் அதிகமாக இருக்கலாம். அளந்து பிரிக்காமல் கண் கணக்கில் போட்டுக்கொண்டே வந்தவர், தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்து சமாளித்த இடம் அது. எனக்கு முழுத் தட்டிலும் பிடித்தது அதுதான்.

கோடுகள் சாய்ந்திருப்பதால் ஓரம் முறுக்கிய கயிறு போலச் சுழல்கிறது. நேராகப் போட்டிருந்தால் வேலிதான். லண்டன் அருங்காட்சியகத்தில், முதலாம் எலிசபெத்தைக் கடவுள் காக்க என்று எழுதிய 1600ஆம் ஆண்டுத் தட்டு ஒன்று இருக்கிறது, அதன் விளிம்பிலும் இதே நீலக் கோடுகள்தான்.

மாட்டுவதற்கு ஸ்பிரிங் கொக்கி வாங்கினால் முனைகளில் ரப்பர் சுற்றுங்கள், இந்தப் பூச்சு விளிம்பில்தான் முதலில் சில்லு சில்லாகப் பெயரும். கண் உயரத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் மாட்டுங்கள். ராஜா நேராக நிற்கிறாரா என்று பார்த்தால் போதும், அந்த நெருக்கடி இடம் எந்தப் பக்கம் வந்தாலும் வரட்டும்.