கர்சரை வரைபலகைக்குள் நிறுத்துவது எப்படி?

கேள்வி: சி ஷார்ப் மொழியில், வின்ஃபார்ம்ஸ் என்ற விண்டோஸ் சாளரக் கருவித்தொகுப்பைக் கொண்டு ஓவியச் செயலி எழுதி வருகிறேன். இரண்டு மானிட்டர்கள் இருப்பதால், கோடு இழுக்கும்போது கர்சர் பக்கத்துத் திரைக்கு ஓடிவிடுகிறது. மவுஸ் நகரும்போது எழும் மவுஸ்மூவ் நிகழ்வில் அதை உள்ளே இழுத்துப் போட்டால் நடுங்குகிறது. கர்சர் நடமாடக்கூடிய செவ்வகத்தைக் குறிக்கும் கர்சர்.கிளிப் பண்புக்கு, வரைபலகையின் உட்பரப்பான கிளையன்ட்ரெக்டாங்கிளைக் கொடுத்தால், திரையின் இடது மேல் மூலையில் அடைபட்டு நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் இரண்டாவதாக முயன்ற வழியே சரி, பிழை ஆயத்தொலைவில்தான் (இடத்தைக் குறிக்கும் எண்களில்தான்) இருக்கிறது. முதல் வழியில், கர்சர் எல்லையைத் தாண்டிய பிறகே உங்கள் நிரலுக்குச் செய்தி வருவதால், வெளியே போவதும் உள்ளே இழுபடுவதும் மாறி மாறித் தெரிந்து நடுக்கமாகிறது. கர்சர்.கிளிப்போ விண்டோஸின் கிளிப்கர்சர் செயற்கூற்றை அழைத்து, நகர்வை எல்லையிலேயே மறித்துவிடுகிறது.

ஆனால் அதற்குத் தேவைப்படுவது திரையின் ஆயத்தொலைவு. கிளையன்ட்ரெக்டாங்கிளோ வரைபலகையின் சொந்த மூலையிலிருந்து அளக்கப்படுவதால், எப்போதும் 0, 0 என்றே தொடங்கும். உங்கள் 800க்கு 600 வரைபலகை திரையில் 300, 200 என்ற புள்ளியில் தொடங்குகிறது என்றால், கொடுக்க வேண்டிய செவ்வகம் 300, 200 முதல் 1100, 800 வரை. இதைக் கையால் கணக்கிட வேண்டாம். முதன்மை மானிட்டருக்கு இடப்பக்கம் உள்ள திரையில் கிடைமட்ட எண்கள் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பதை மறந்து பலர் தடுமாறுகிறார்கள். வரைபலகையின் ரெக்டாங்கிள்டுஸ்கிரீன் முறையிடம் கிளையன்ட்ரெக்டாங்கிளைக் கொடுத்து, அது திருப்பித் தருவதைக் கர்சர்.கிளிப்பில் வையுங்கள்.

பூட்டுவதைவிட விடுவிப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். கர்சர் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவானது. உங்கள் செயலி அதை அடைத்து வைத்துக்கொண்டால், பயனர் தலைப்புப் பட்டையைப் பிடிக்கவோ மூடும் பொத்தானை அழுத்தவோகூட முடியாது. எனவே மவுஸ் பொத்தானை அழுத்தும்போது எழும் மவுஸ்டவுனில் பூட்டி, அதை விடும்போது எழும் மவுஸ்அப்பில் ரெக்டாங்கிள்.எம்ப்டி என்ற வெற்றுச் செவ்வகத்தைக் கொடுத்து விடுவிப்பதே உங்கள் செயலிக்குப் பொருத்தம் என்பேன். கோடு பாதியில் இருக்கும்போது பயனர் ஆல்ட், டேப் விசைகளை அழுத்தி வேறு செயலிக்குப் போகலாம் என்பதால், படிவம் (உங்கள் சாளரம்) பின்னுக்குப் போகும்போது எழும் டீஆக்டிவேட் நிகழ்விலும் விடுவிக்கும் அதே வரியை எழுதுங்கள். வரைபலகையின் கேப்சர் பண்பு கர்சரை அடைக்கும் வேலையைச் செய்யாது. அது மவுஸ் செய்திகளை உங்களுக்கு அனுப்புமே தவிர, கர்சரைத் தடுக்காது.

விளையாட்டுகளைப் போல முழுநேரமும் அடைத்து வைக்க நேர்ந்தால், சாளரம் நகரும்போதும் அளவு மாறும்போதும் மீண்டும் செயல்பாட்டுக்கு வரும்போதும் செவ்வகத்தைப் புதிதாகக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். எஸ்கேப் விசையை அழுத்தினால் கர்சர் விடுபடுவதற்கும் வழி செய்யுங்கள்.