உப்புவெளியில புது வீடு: எந்தக் கல்லு, சுவருக்கு ஃபோம் தேவையா?

திருகோணமலைக்குக் கிட்ட உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. கடற்கரைக்குக் கிட்டவா காணி, மூண்டு அறை வீடு. மேசன் பாஸ் ஆறு இஞ்சி சீமெந்துக் கல்லு போதும் எண்டுறார், மாமா செங்கல்லுதான் குளிர்மை எண்டுறார், கனடாவில இருக்கிற அண்ணா வெளிச்சுவர் எல்லாத்துக்கும் உள்பக்கமா சூடு கடத்தாத ஃபோம் வைச்சு அதுக்கு மேல பொலித்தீனும் அடிக்கச் சொல்லுறார். எதைக் கேக்கிறது?

தங்கச்சி, அண்ணா சொல்லுறது அவர் இருக்கிற இடத்துக்குச் சரி. அங்க பனிக்காலத்தில வீட்டுச் சூடு வெளிய போகக்கூடாது, ஈரமும் உள்ள இருந்து வெளியதான் போகப்பாக்கும், அதால பொலித்தீன் உள்பக்கம். இங்க எல்லாம் மாறி நடக்கும். அறைக்கு ஏசி போட்டா கடல் காத்தின்ர ஈரம் வெளியில இருந்து குளிரான பக்கத்துக்கு வந்து, அந்தப் பொலித்தீன்ல முட்டித் தண்ணியாகி நிக்கும், பிறகு பூஞ்சணம்தான். ஏசி இல்லாம யன்னலைத் திறந்துபோட்டு இருக்கப்போறீங்கள் எண்டா உள்ளயும் வெளியயும் ஒரே காத்து, சுவருக்கு ஃபோம் வைச்சுக் காசைக் கரைக்கத் தேவையில்ல.

எங்கட வீடுகளுக்குச் சூடு முக்கியமா கூரையாலதான் இறங்குது. திருகோணமலை 8.5 பாகை வட அகலாங்கில கிடக்கு, சித்திரை வருசப்பிறப்பை அண்டியும் ஓகஸ்ட் கடைசியிலயும் மத்தியானச் சூரியன் நேர உச்சியில நிக்கும். ஃபோமுக்கு வைச்ச காசை முதல் கூரைக்குத் திருப்புங்கோ. ஓட்டுக்கோ சீற்றுக்கோ கீழ அலுமினியம் ஃபொயில் போடலாம், ஆனா அதை ஓட்டோட ஒட்டி அடிச்சா வேலை செய்யாது, ஒரு இஞ்சியாவது காத்து இடைவெளி வேணும், ஒரு பக்கம் மட்டும் மினுங்கிற ஃபொயில் எண்டா அந்தப் பக்கம் கீழ பாத்து இருக்கோணும், மேல பாத்தா கொஞ்ச நாளில தூசி படிஞ்சு மங்கிப்போகும். சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில தேங்கிற சூட்டுக் காத்து வெளிய போக முகட்டில வழி விடுங்கோ.

அடுத்தது மேற்குச் சுவர். பின்னேர வெயிலைக் குடிச்சுட்டு ராத்திரி முழுக்கச் சூட்டைக் கக்கிறது அதுதான். அந்தப் பக்கம் படுக்கை அறையை வைக்காதேங்கோ, குளியலறை, ஸ்டோர், படிக்கட்டு அங்க போகட்டும். மாமா சொல்லுற ஒம்பது இஞ்சிச் செங்கல்லை அந்தச் சுவருக்கு மட்டும் கட்டலாம், ஆனா சுவரில வெயில் விழாமப் பண்ணுறதுதான் கூடப் பலன், ஒரு விறாந்தை இறக்கினா இன்னும் நல்லம். வடக்கு, தெற்குச் சுவருக்கு ரெண்டரை அடி தாவாரமும் வெள்ளைப் பெயின்றும் போதும்.

மிச்சச் சுவருக்குப் பாஸ் சொல்லுற ஆறு இஞ்சிக் கல்லு தாராளம், நல்லா அரிஞ்ச கல்லா இருக்கோணும். வாங்கமுதல் ரெண்டு கல்லை இடுப்பு உயரத்தில இருந்து மண் தரையில போட்டுப் பாருங்கோ, நொறுங்கினா அந்த லோட்டைத் திருப்பி அனுப்புங்கோ. செங்கல்லு எண்டா ரெண்டைத் தட்டினா கணீர் எண்டு சத்தம் வரோணும், நகத்தால கீறினா மண் உதிரக்கூடாது. இப்ப சிலர் கேக்கிற ஏஏசி கல்லு, அதாவது உள்ளுக்குக் காத்துக் குமிழ் நிறைஞ்ச கொங்கிறீட் கல்லு, பாரம் குறைவு, சூடும் கடத்தாது, உண்மைதான், ஆனா தண்ணியை உறிஞ்சும், அதுக்கெண்டு தனிப் பசை, தனிப் பூச்சு வேணும், அதில பழகின மேசன் இல்லாட்டிக் கடற்கரையில வேண்டாம்.

எனக்கு உண்மையா பயம் உப்புதான். கழுவாத கடல் மணலை ஒரு சட்டி கூடக் கலக்க விடாதேங்கோ, கொங்கிறீட்டுக்கும் பூச்சுக்கும் ஆத்து மணல்தான். கடல் மணலில இருக்கிற உப்பு கம்பியைத் தின்னும், துரு வீங்கிக் கொங்கிறீட்டை வெடிக்க வைக்கும், அதை நீங்கள் காணேக்க கம்பி பாதி போயிருக்கும். கிணத்துத் தண்ணி உவர் எண்டா குழைக்கிறதுக்கு பவுசர் தண்ணி எடுங்கோ. தூண், பீம் கம்பிக்கு மேல 40 மில்லிமீற்றராவது கொங்கிறீட் மூடோணும், அதுக்குக் கவர் கட்டை (கம்பியை அச்சுப் பலகையில முட்டாமப் பிடிக்கிற சின்னக் கட்டை) வைச்சாச்சா எண்டு கொங்கிறீட் போடமுதல் நீங்களே போய்ப் பாருங்கோ. அத்திவாரத்துக்கு மேல டிபிசி (ஈரம் ஏறாமத் தடுக்கிற படை) போடாமச் சுவர் எழும்பினா நிலத்து ஈரம் ஏறி அடிச்சுவர்ல உப்புப் பூத்து பெயின்ற் உரியும்.

வெளிப்பூச்சுக்குச் சீமெந்தைக் கூட்டினா பலம் எண்டு நினைக்காதேங்கோ, கூடினா வெடிக்கும், ஒண்டுக்கு அஞ்சு மணல் காணும். மேற்குப் பக்கமிருந்து வாற கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில பூசினா மேற்பரப்பு மளமளவெண்டு காஞ்சு தலைமயிர் மாதிரி வெடிப்பு விழும், அதனால மேற்குச் சுவரைக் காலமைக்கே பூசி முடிச்சு, ஈரச் சாக்குக் கட்டி ஒரு கிழமை நனைச்சுக்கொண்டே இருக்கோணும். எப்பிடியும் ஒக்டோபருக்கு முதல் வெளிப்பூச்சு முடியட்டும். மாரி மழை வாடைக் காத்தோட சரிஞ்சுதான் அடிக்கும், கடல் பக்கச் சுவர் நல்லா வாங்கும். 2020 டிசம்பர் 2இல புரெவி புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையிலதான் கரை ஏறினது, அது உங்கட இடத்துக்குத் தூரமில்ல, ஆகவே கூரை மரத்தைச் சுவர்ல சும்மா வைக்காமச் சுவர் தலைப்பில சுத்திவர ஓடுற கொங்கிறீட் பீமில போல்ட் போட்டுப் பூட்டச் சொல்லுங்கோ.

ஒரு அறைக்கு ஏசி போடுற எண்ணம் இருந்தா அண்ணாவின்ர ஃபோமை அந்த அறையின்ர சீலிங்குக்கு மேல போடுங்கோ, கீழ பொலித்தீன் வேண்டாம், கதவு யன்னல் இடுக்குகளை நல்லா அடைச்சா சரி.